டார்க்சைடைச் சாய்த்தது தோட்டாவா, ஓட்டமா, பாட்டா?

கோதம்காவலன் எழுதியது:

"பேட்மேன் கொல்வாரா" இழையில் டிசி காமிக்ஸின் ஃபைனல் க்ரைசிஸ் தொடர் பற்றிய பேச்சு வந்து, அது வளர்ந்து தலைப்பையே மூடிவிட்டது. அதனால் தனியாகத் தொடங்குகிறேன். கதையின் முடிவு முழுவதும் இங்கே வரும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், சத்தியமாக அதற்குத் தகுதியான கதை.

2008 மே மாதம் தொடங்கி 2009 ஜனவரியில் முடிந்த ஏழு இதழ் தொடர். எழுத்து க்ராண்ட் மாரிசன். தீமையின் கடவுளான டார்க்சைட் பூமியில் இறங்கி, மனிதரின் சுயவிருப்பத்தையே பறிக்கும் ஆன்டி-லைஃப் சமன்பாட்டை மின்னஞ்சல் வழியாகவே பரப்பி, மனிதர்களைக் கூட்டம் கூட்டமாக அடிமையாக்கிவிடுகிறான். வொண்டர் வுமனே அவன் படையில் நிற்கிறாள். சூப்பர்மேன் இந்த உலகத்திலேயே இல்லை. அந்த நிலையில் ஆறாம் இதழில் பேட்மேன் தன்னந்தனியாக அவன் முன்னால் வந்து நிற்கிறார். கையில் துப்பாக்கி. உள்ளே டார்க்சைடின் மகன் ஓரையனைக் கொன்ற, கடவுளருக்கு நஞ்சான அதே ரேடியான் தோட்டா. துப்பாக்கி தொடமாட்டேன் என்ற சபதத்தை வாழ்நாளில் இந்த ஒரு முறை மட்டும் தளர்த்துகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுடுகிறார். அதே கணத்தில் டார்க்சைடின் கண்களிலிருந்து பாயும் ஒமேகா கதிர்கள் அவரைத் தாக்குகின்றன.

என் கட்சி இதுதான். டார்க்சைட் அங்கேயே தோற்றுவிட்டான். ஏழாம் இதழில் நடப்பது எல்லாம் ஏற்கெனவே நஞ்சு ஏறிய ஒரு கடவுளின் கடைசி மூச்சு. பறக்கத் தெரியாத, சூரிய சக்தி இல்லாத, சாகக்கூடிய ஒரு மனிதன் கடவுளின் கண்ணைப் பார்த்து நின்றான் என்பதைவிடப் பெரிய க்ளைமாக்ஸ் டிசி வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதோடு இன்னொன்று. அந்தச் சபத மீறலை நியாயப்படுத்தி மழுப்புபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. "டார்க்சைட் மனிதன் இல்லை, அதனால் சபதம் பொருந்தாது" என்பவர்கள் காட்சியின் உயிரையே எடுத்துவிடுகிறார்கள். பொருந்தாது என்றால் அவர் ஏன் விதிவிலக்கு என்று வாயால் சொல்லவேண்டும்? மீறுகிறேன் என்று தெரிந்தே மீறுகிறார்.

மின்னல்வேகன் எழுதியது:

ப்ரோ, ஒரு நிமிஷம். தோட்டா பட்டதும் டார்க்சைட் விழுந்தானா? இல்லையே. ஏழாம் இதழ்லயும் எழுந்து நின்னு சூப்பர்மேன்கிட்ட பேசிக்கிட்டுத்தானே இருக்கான்.

அவனை உண்மையிலேயே முடிச்சது ஃப்ளாஷ். அந்தப் பேர்ல இருக்கிற ரெண்டு பேர், பாரி ஆலனும் வாலி வெஸ்ட்டும், சேர்ந்து ஓடுறாங்க. ஒமேகா கதிர் துரத்துது, சாவோட உருவமான பிளாக் ரேசரும் துரத்துறான். ரெண்டு பேரும் நேரா டார்க்சைடை நோக்கியே ஓடி, கடைசி நொடியில விலகி, அவனோட சாவை அவன் மேலயே கொண்டுபோய் மோத விடுறாங்க. ஒமேகா கதிர் வளைஞ்சு திரும்பி இரையைத் துரத்தும்ங்கறது அவனோட ஆரம்பகாலத்துலேர்ந்து உள்ள சக்தி. அந்தச் சக்தியையே ஆயுதமாக்குறாங்க.

பாரியோட கணக்கையும் யோசிச்சுப் பாருங்க. 1985ல க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ் எட்டாம் இதழ்ல ஓடி ஓடியே உயிரை விட்டவர். 2008 வரைக்கும் டிசில சாகடிச்ச யாரையும் எழுப்புவாங்க, பாரியை மட்டும் எழுப்ப மாட்டாங்கன்னு ஒரு மரியாதையே இருந்துச்சு. அப்படிப்பட்டவர் திரும்பி வர்றதே எப்படி? ஓரையனைக் கொல்லப்போற தோட்டாவைத் துரத்திக்கிட்டு, பின்னால பிளாக் ரேசர் வர, காலத்துல பின்னோக்கி ஓடி வர்றார். ரெண்டாம் இதழோட முடிவு. அதைப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. சாவை முதுகுல சுமந்துக்கிட்டு ஓடுறவர் அதைச் சரியான முகவரில இறக்கி வைக்கிறார். இதைவிடப் பொருத்தமான முடிவு என்ன வேணும்?

வானத்துவாசி எழுதியது:

இருவருக்கும் வணக்கம். ஆனால் நீங்கள் இருவரும் கதையை ஏழாம் இதழின் நடுவிலேயே மூடி வைத்துவிட்டீர்கள்.

தோட்டா உடலைக் கெடுத்தது. ஃப்ளாஷ்கள் கொண்டுவந்த சாவு அந்த உடலை முடித்தது. வொண்டர் வுமன் விடுபட்டு வந்து தன் கயிற்றால் அவனைக் கட்டுகிறாள், அடிமைப்பட்ட மக்கள் விடுபடுகிறார்கள். அதன் பிறகும் டார்க்சைட் இருக்கிறான். உடல் இல்லாத வெறும் சாரமாக. எல்லாம் முடிந்துபோன, ஏறக்குறைய உலகமே மிச்சமில்லாத அந்த இடத்தில் சூப்பர்மேன், நினைத்ததை நிஜமாக்கும் மிராக்கிள் மெஷினைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வருகிறான். அப்போதுதான் சூப்பர்மேன் பாடுகிறார். டார்க்சைடுக்கு இசை பிடிக்காது என்று சொல்லிவிட்டு, அவனுடைய அதிர்வுக்கு எதிரான அதிர்வை எழுப்பி அவனைச் சிதறடிக்கிறார்.

கோதம்காவலன் நண்பரே, ஒரு கடவுள் தோட்டாவால் சாவது பெரிய காட்சியா, பாட்டால் கலைந்துபோவது பெரிய காட்சியா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இந்தப் பிரபஞ்சத்திலேயே மிக வலிமையான முஷ்டி கொண்டவர் அந்த முஷ்டியை இறுதியில் பயன்படுத்தவே இல்லை. அந்த முடிவை எடுக்க எழுத்தாளருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வாசகர்கள் அடிதடியை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

இரும்புக்கை எழுதியது:

அந்த அடிதடியைத்தான் நான் எதிர்பார்த்தேன், அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. 2006இல் ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் கார்ட்டூனின் கடைசிப் பகுதியில் சூப்பர்மேன் டார்க்சைடிடம் பேசுவார். இந்த உலகமே அட்டையால் செய்தது போலப் பார்த்துப் பார்த்து நடக்கிறேன், உன்னிடம் மட்டும் அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்று சொல்லிவிட்டு ஒரு குத்து விடுவார், கட்டடங்களை எல்லாம் துளைத்துக்கொண்டு போய் விழுவான். இத்தனை வருடம் அடக்கிவைத்த பலம் ஒரே அடியில் வெளியே வருவதைப் பார்க்கும் நிறைவு இருக்கிறதே, அதை ஃபைனல் க்ரைசிஸ் எனக்குத் தரவில்லை.

இறுதிப் போர் என்று பெயர் வைத்துவிட்டு, ஒருவர் ஓடுகிறார், ஒருவர் பாடுகிறார், ஒருவர் இயந்திரத்தின் முன் நின்று நல்ல முடிவு வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். நேருக்கு நேர் மோதல் எங்கே?

வானத்துவாசி எழுதியது:

இரும்புக்கை, அந்தக் கார்ட்டூன் காட்சி எனக்கும் உயிர். ஆனால் அந்தப் பகுதியிலேயே அவ்வளவு குத்துக்கும் பிறகு டார்க்சைட் எழுந்து வருகிறான், கவனித்தீர்களா? கடைசியில் லெக்ஸ் லூதர் ஆன்டி-லைஃப் சமன்பாட்டைக் கொண்டுவந்து நீட்ட, இருவரும் ஒளியில் மறைகிறார்கள். குத்து அங்கேயும் அவனை முடிக்கவில்லை.

ஃபைனல் க்ரைசிஸில் குத்தவே முடியாது, ஏனென்றால் டார்க்சைட் அங்கே ஓர் ஆளாக நிற்கவில்லை. அடிமைப்பட்ட அத்தனை மனிதர்களும் அவன் உடல். சூப்பர்மேன் யாரை அடிப்பார்?

கிர்பிதாசன் எழுதியது:

இளைஞர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன், மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்துக்கொண்டு பேசினால் வேறு ஒரு வாசல் திறக்கும்.

டார்க்சைட் ஜாக் கிர்பியின் படைப்பு. 1970இல் ஜிம்மி ஓல்சன் 134ஆம் இதழில் ஒரு சிறு தலைகாட்டல், பிறகு 1971இல் ஃபாரெவர் பீப்பிள் முதல் இதழில் முழு உருவம். நியூ காட்ஸ், மிஸ்டர் மிராக்கிள் தொடர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பெருங்கதை. அதில் தொடக்கத்திலேயே ஒரு முன்னறிவிப்பு உண்டு: டார்க்சைடை அவன் மகன் ஓரையன் ஒருநாள் நேருக்கு நேர் சந்திப்பான், டார்க்சைடின் உலகமான அபோகலிப்ஸின் நெருப்புக் குழிகளுக்கு அருகே அந்தப் போர் நடக்கும். தந்தை எதிரி, மகன் ஆயுதம். அமைதி ஒப்பந்தத்துக்காகக் குழந்தைகளை மாற்றிக்கொண்ட இரண்டு கடவுளரின் கதை அது.

நியூ காட்ஸ் 1972இல் பதினோராம் இதழோடு நிறுத்தப்பட்டது. கிர்பிக்கு அந்த இறுதிப் போரை வரைய வாய்ப்பே கொடுக்கவில்லை. 1985இல் த ஹங்கர் டாக்ஸ் என்ற புத்தகத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது டார்க்சைட் பொம்மையாகக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த காலம், அவனைக் கொல்ல முடியாது. அதனால் அபோகலிப்ஸின் அடித்தட்டு மக்கள் கிளர்ந்தெழுகிறார்கள், ஓரையன் தன் தாயை மீட்டுக்கொண்டு போகிறான், டார்க்சைட் தனியாக விடப்படுகிறான். முன்னறிவித்த போர் நடக்கவே இல்லை.

அந்தக் கடனை 2008இல் யாராவது தீர்ப்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு, முதல் இதழிலேயே ஓரையன் மெட்ரோபோலிஸ் துறைமுகத்துக் குப்பைகளுக்கிடையில் கிடக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை எளிதில் சொல்ல முடியாது. மாரிசனை மதிக்கிறேன். ஆனால் ஓரையனின் இடத்தை பேட்மேன் எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. டிசியில் எது பெரிய நிகழ்ச்சி என்றாலும் பேட்மேனை நடுவில் நிறுத்தவேண்டும் என்ற பழக்கம் வேறு யாருடைய கதையையும் முடிய விடுவதில்லை.

மின்னல்வேகன் எழுதியது:

ஐயா, கவுன்ட்டவுன் தொடர்ல ஓரையன் டார்க்சைடோட மோதி நெஞ்சைப் பிளக்குற காட்சி வருதே, அது அந்த முன்னறிவிப்பு இல்லையா?

கிர்பிதாசன் எழுதியது:

வருகிறது தம்பி. அதே காலகட்டத்தில் ஜிம் ஸ்டார்லின் எழுதிய டெத் ஆஃப் த நியூ காட்ஸ் தொடர் வேறு ஒரு கதை சொன்னது. ஃபைனல் க்ரைசிஸ் மூன்றாவதாக ஒன்று சொன்னது. ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே வருடம், ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று மரணங்கள். அப்போது நாற்பது வயதை நெருங்கிய ஒரு புராணத்தின் உச்சக்கட்டத்தை இப்படிச் சிதறவிட்டது பதிப்பாசிரியர்களின் பொறுப்பின்மை. எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் தம் பங்கை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

மாரிசன் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கதையில் மேலுலகப் போர் ஏற்கெனவே முடிந்துவிட்டது, தீமை வென்றுவிட்டது. டார்க்சைட் அதை டான் டர்பினிடமே சொல்கிறான். வென்றவன் காலத்தின் ஊடே விழுந்துகொண்டிருக்கிறான், விழும்போது உலகங்களையும் சேர்த்து இழுக்கிறான். கடவுளர் தோற்ற பிறகு மனிதர் என்ன செய்வார்கள் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அந்தக் கேள்விக்கு ஓரையன் பதிலாக முடியாது.

நெய்தல் எழுதியது:

டர்பின் பெயர் இப்போதுதான் இந்த இழையில் வருகிறது! எல்லாரும் தோட்டா, ஓட்டம், பாட்டு என்கிறீர்கள். அந்தத் தோட்டா யார் உடலில் பாய்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

டார்க்சைடுக்கு பூமியில் சொந்த உடல் கிடையாது. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் டான் டர்பின், காணாமல் போன பிள்ளைகளைத் தேடிப் போனவர். அவரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து, அவருக்குள் இறங்குகிறான். நான்காம் இதழில் அவர் உள்ளுக்குள் போராடிப் போராடித் தோற்கும் பக்கங்கள்தான் இந்தத் தொடரிலேயே என்னை மிகவும் பாதித்தவை. கைகால்கள் கட்டுப்பாட்டில் இல்லை, ஆனாலும் ஒரு வீம்பில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். எந்தச் சக்தியும் இல்லாத கிழவர். பேட்மேனுக்கு முன்பே கடவுளை எதிர்த்து நின்ற மனிதர் அவர்தான்.

ஆக, பேட்மேன் சுட்டது டார்க்சைடை மட்டும் இல்லை. ஒரு நிரபராதியின் உடலையும் சேர்த்துத்தான். வாடகைக்கு வந்த ரவுடியை விரட்ட வீட்டைக் கொளுத்தினால் வீட்டுக்காரனுக்கு என்ன பதில்? கோதம்காவலன், சபத மீறலை மழுப்பக்கூடாது என்று சொன்னீர்கள், அது எனக்குப் பிடித்தது. அப்படியென்றால் இதையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்?

கிர்பிதாசன் எழுதியது:

நெய்தல், நீங்கள் தொட்டது மிக ஆழமான இடம். டர்பினும் கிர்பியின் பாத்திரம்தான். 1972இல் நியூ காட்ஸ் எட்டாம் இதழில் டார்க்சைடின் இன்னொரு மகன் காலிபாக் மெட்ரோபோலிஸில் வெறியாட்டம் ஆடும்போது, எந்தச் சக்தியும் இல்லாத இந்தப் போலீஸ்காரர் அவனோடு மோதுவார். எலும்பெல்லாம் நொறுங்கியும் விடமாட்டார். கிர்பியே நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் சண்டை போட்டு வளர்ந்தவர், இரண்டாம் உலகப் போரில் களத்தில் நின்றவர். அந்த முரட்டுப் பிடிவாதம் அவருடையதுதான்.

1998இல் வந்த சூப்பர்மேன் கார்ட்டூனில் டர்பினுக்குக் கிர்பியின் முகத்தையே கொடுத்தார்கள். டார்க்சைட் அதில் அவரை ஒமேகா கதிரால் கொன்றுவிடுவான், அந்தப் பகுதியைக் கிர்பிக்கே காணிக்கையாக்கினார்கள். இப்போது ஃபைனல் க்ரைசிஸை மறுபடி பாருங்கள். கிர்பியின் சாயலில் உருவான மனிதனின் உடலுக்குள் கிர்பி உருவாக்கிய தீமை புகுந்துகொள்கிறது. படைத்தவனையே படைப்பு விழுங்குவது போன்ற அந்த ஏற்பாடு தற்செயலாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

கோதம்காவலன் எழுதியது:

நெய்தல், உங்கள் கேள்வியைத் தவிர்க்க மாட்டேன். டர்பின் உடலைத்தான் சுட்டார், ஆமாம். அந்தப் பக்கங்களில் பேட்மேன் டர்பினின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாது என்று வைத்து அவரைத் தப்பிக்கவைக்க எனக்கு விருப்பம் இல்லை. உலகின் தலைசிறந்த துப்பறிவாளர். எதிரே நிற்கும் உருவம் எங்கிருந்து வந்தது என்று யூகிக்கக்கூடியவர்.

இங்கேதான் 1939 முக்கியமாகிறது. பேட்மேன் துப்பாக்கியே தொட்டதில்லை என்று நம்புபவர்கள் நிறைய. டிடெக்டிவ் காமிக்ஸ் 32ஆம் இதழில் வெள்ளியை உருக்கித் தோட்டா செய்து, சவப்பெட்டியில் கிடக்கும் இரத்தக்காட்டேரிகளைச் சுடுகிறார். அடுத்த இதழிலேயே பெற்றோர் தெருவில் சுடப்பட்டுச் சாகும் கதை முதன்முறையாக வருகிறது. 1940இல் பேட்மேன் முதல் இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். அதன் பிறகுதான் பதிப்பாசிரியர்கள் கட்டுப்பாடு போட்டார்கள், காலப்போக்கில் அந்தக் கட்டுப்பாடு பாத்திரத்தின் இதயமாகவே மாறிப்போனது.

ரேடியான் தோட்டா அந்த வெள்ளித் தோட்டாவின் பேரன். சாதாரண ஆயுதத்துக்கு அடங்காத ஒன்றைக் கொல்ல அதற்கென்றே உள்ள உலோகம். எழுபது வருடச் சபதத்துக்குக் கீழே புதைந்துகிடந்த அந்த முதல் பேட்மேனை மாரிசன் ஒரே ஒரு தடவை மேலே கொண்டுவருகிறார், உடனே அதற்கான விலையையும் வசூலிக்கிறார். சுட்ட அதே கணத்தில் தண்டனை. டர்பினுக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். சுட்டவன் அங்கிருந்து உயிரோடு நடந்து போகவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கதையில் இல்லை. அது போதுமா என்றால், எனக்குப் போதும்.

நெய்தல் எழுதியது:

எனக்குப் போதாது. தண்டனை அனுபவித்தவர் புரூஸ் வெய்ன், அதாவது பேட்மேன். ஏழாம் இதழில் டார்க்சைட் சூப்பர்மேனிடம் இதையேதான் கேட்கிறான்: இந்த நோயுற்ற கிழவனின் உடலைக் கொன்றுதான் என்னை ஒழிப்பாயா என்று. சூப்பர்மேன் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறார். பேட்மேன் அதற்கு முந்தைய இதழிலேயே சுட்டு முடித்துவிட்டார். இரண்டு நாயகர்களுக்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்தில் தெரிகிறது, அதில் நான் சூப்பர்மேன் பக்கம்.

கரைமணல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் ஆர் வென்றது எண்டு கதைக்கிறியள். எனக்கு ஏழாம் இதழை முதல் தரம் வாசிக்கேக்க ஆர் எங்க நிக்கினம் எண்டே விளங்கேல்ல. டார்க்சைடின்ர கதை முடிஞ்சு மூச்சு விடமுதல், மாண்ட்ராக் எண்டு ஒரு இரத்தம் குடிக்கிற மானிட்டர், அதாவது உலகங்களைக் கண்காணிக்கிற இனத்தில ஒருத்தன், வாறான். அவனுக்கு எதிரா வேற வேற உலகத்துச் சூப்பர்மேன்கள் ஒரு படையா வருகினம், கேப்டன் கேரட் முயலும் வருது, கிரீன் லான்டர்ன்கள் வந்து நெஞ்சில ஆப்பு அடிக்கினம். இவ்வளவும் ஒரே இதழில.

பிறகுதான் ஒருவர் சொன்னார், சூப்பர்மேன் பியாண்ட் எண்ட ரெண்டு இதழையும் இடையில வாசிக்காட்டி உந்த முடிவு விளங்காது எண்டு. அதுவும் முப்பரிமாணக் கண்ணாடி போட்டு வாசிக்கிற இதழ்கள். மனைவி லோயிஸைக் காப்பாத்துறதுக்காகச் சூப்பர்மேன் எங்க போனவர், மாண்ட்ராக் ஆர் எண்டதெல்லாம் அங்கதான் கிடக்கு. முக்கியமான வில்லனைப் பக்கக்கதையில அறிமுகப்படுத்திப்போட்டு, மெயின் கதையில வந்து குதிக்க விட்டால் வாசகன் என்ன செய்யிறது?

ஓவியமும் அப்பிடித்தான். முதல் மூண்டு இதழும் ஜே.ஜி. ஜோன்ஸ் கீறினது, என்ன அழகு! நாலாம் இதழில இருந்து கார்லோஸ் பச்சேக்கோ வாறார், பிறகு இன்னும் ஆக்கள், கடைசி இதழ் டக் மான்கி. மான்கி நல்ல ஓவியர்தான், அதில சந்தேகமில்லை. ஆனா தொடங்கின கையே முடிச்சிருந்தால் அந்தக் கடைசிப் போர் இன்னும் நிண்டிருக்கும்.

வானத்துவாசி எழுதியது:

கரைமணல் சொல்வது நியாயமான குறை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஃபைனல் க்ரைசிஸ் 1 முதல் 3 வரை, பிறகு சூப்பர்மேன் பியாண்ட் இரண்டு இதழும், பிறகு சப்மிட் என்ற பக்கக்கதை இதழ், பிறகு 4, 5. அதன் பின் பேட்மேன் 682, 683. கடைசியாக 6, 7. தொகுப்பு நூலில் சூப்பர்மேன் பியாண்டும் சப்மிட்டும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த இரண்டு பேட்மேன் இதழ்கள் பேட்மேன் ஆர்.ஐ.பி. தொகுப்பில் இருக்கும்.

கோதம்காவலன் எழுதியது:

682, 683ஐ விடவே கூடாது. டார்க்சைடின் ஆட்கள் பேட்மேனைக் கட்டிப்போட்டு, அவர் நினைவுகளை உறிஞ்சி, அவரைப் போலவே ஒரு படையை உருவாக்கப் பார்க்கிறார்கள். அவர் தன் வாழ்க்கையின் வேதனை முழுவதையும் அந்த நகல்களுக்குள் பாய விடுகிறார். அவை தாங்க முடியாமல் செத்து விழுகின்றன. ஒரு கடவுளின் தொழிற்சாலையை ஒரு மனிதனின் துக்கம் உடைக்கிறது. அதைப் படித்துவிட்டு ஆறாம் இதழுக்கு வந்தால், அவர் துப்பாக்கியோடு உள்ளே நுழையும்போது எங்கிருந்து வருகிறார் என்று புரியும்.

இரும்புக்கை எழுதியது:

சரி, ஒரு கேள்வி. ஆறாம் இதழின் கடைசிப் பக்கத்தில் சூப்பர்மேன் எரிந்த எலும்புக்கூட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவ்வளவு பெரிய விலை கொடுத்தார் என்கிறீர்கள். ஆனால் ஏழாம் இதழின் முடிவிலேயே புரூஸ் ஆதிமனிதர் காலத்தில் குகைச்சுவரில் வரைந்துகொண்டு உயிரோடு இருக்கிறார். 2010இல் ஆறு இதழ்த் தொடர் போட்டு முழுசாகத் திரும்பியும் வந்துவிட்டார். பிறகு என்ன விலை?

கோதம்காவலன் எழுதியது:

அந்த உடல் அந்த நகல்களில் ஒன்று. பேட்மேனின் பழைய துணைவன் டிக் கிரேசன் அதை லாசரஸ் குழியில் இறக்கி எழுப்பப் பார்த்தபோதுதான் உண்மை தெரியவருகிறது. ஒமேகா தண்டனை என்பது கொல்வது இல்லை. காலத்தில் தூக்கி எறிந்து, ஒவ்வொரு யுகத்திலும் தன்னையே மறந்து மறுபடி தொடங்க வைப்பது. அவர் திரும்பி வருவதையே டார்க்சைட் பொறியாக அமைத்திருந்தான்: நிகழ்காலத்தை நெருங்க நெருங்க அவரே உலகத்தை அழிக்கும் ஆயுதமாவார். விலை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? செத்துப்போவது அதைவிட எளிது.

கரைமணல் எழுதியது:

அந்த 2010 தொடரின்ர ஆறாவது இதழின்ர கடைசியில புரூஸ் ஒண்டு உணர்ந்து சொல்லுவார், ஞாபகம் இருக்கோ? பேட்மேனின்ர முதல் உண்மை, தான் ஒருநாளும் தனிய இருந்ததில்லை, துணை இருந்தது எண்டு. ஆன்டி-லைஃப் சமன்பாட்டை எடுத்துப் பாருங்கோ. அதின்ர முதல் உறுப்பே தனிமை. தனிமை, அந்நியம், பயம், விரக்தி எண்டுதான் அடுக்கிக்கொண்டு போகும். டார்க்சைடின்ர கணக்கு முழுக்க ஒவ்வொருவரையும் தனித்தனியா உடைக்கிறதில நிக்குது.

அதால "ஆர் வீழ்த்தினது" எண்ட கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாச் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. பேட்மேன் சுடாட்டி ஃப்ளாஷ் ஓடி வரேக்க அவன் பலமா நிண்டிருப்பான். ஃப்ளாஷ் ஓடாட்டி வொண்டர் வுமன் கட்டியிருக்க ஏலாது. எழுத்தாளர் வேணுமெண்டுதான் அடியைப் பிரிச்சுக் குடுத்திருக்கிறார்.

மின்னல்வேகன் எழுதியது:

கரைமணல் அண்ணா, அருமையா சொன்னீங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். பிரிச்சுக் கொடுத்தாலும் சாவைக் கொண்டுவந்தது யாரு? பிளாக் ரேசர் தொட்டது டார்க்சைடை. கூட்டிட்டு வந்தது பாரியும் வாலியும். மத்ததெல்லாம் அதுக்கு முன்னால நடந்த தயாரிப்பு, பின்னால நடந்த சுத்தம்.

நெய்தல் எழுதியது:

பாட்டைச் சுத்தம் என்கிறீர்களா மின்னல்வேகன்! உடல் போன பிறகும் மிராக்கிள் மெஷினைத் தேடி வந்தவன் அவன். அது அவன் கையில் கிடைத்திருந்தால் பாரி ஓடிய ஓட்டம் எல்லாம் வீண். முப்பத்தோராம் நூற்றாண்டில் ஒரே ஒரு முறை பார்த்த இயந்திரத்தை நினைவிலிருந்தே கட்டி, தன் உடலில் கடைசியாக மிஞ்சியிருந்த சூரிய சக்தியை அதில் ஊற்றுகிறார் சூப்பர்மேன். அந்த நேரத்தில் எதிரி வந்து நிற்கிறான். அடிக்கத் தெம்பு இருந்திருந்தாலும் அவர் அடித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிர்பிதாசன் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஹங்கர் டாக்ஸில் டார்க்சைட் தனியாக விடப்படுகிறான் என்றீர்கள். கிர்பிக்குத் தடை எதுவும் இல்லாமல் வரைய விட்டிருந்தால் ஓரையன் தன் தந்தையைக் கொன்றிருப்பானா?

கிர்பிதாசன் எழுதியது:

கொன்றிருப்பான் என்றுதான் முன்னறிவிப்பு சொல்கிறது, நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் ஹங்கர் டாக்ஸின் பக்கங்களை வரிசையாகப் பார்த்தால், ஓரையன் போருக்காக உள்ளே போனவன் போலவே தெரியவில்லை. தாயைத் தேடிப் போகிறான். வழியெல்லாம் அபோகலிப்ஸின் சேரி மக்களுக்கிடையில் நடந்து போகிறான். தந்தையின் முகத்தையே தன் முகமாகச் சுமந்து, ஆயுள் முழுவதும் அந்த வெறியோடு போராடியவன், கடைசியில் ஒருத்தியை விடுவித்துக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறான். கிர்பி அதைத் தடையினால் மட்டும் அப்படி வரைந்தாரா, அவர் மனமும் அங்கேதான் வந்து நின்றதா என்பதில் எங்கள் வயதுக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி. அந்தக் கோணத்தில் பார்த்தால் பேட்மேனின் துப்பாக்கியைவிட உங்கள் சூப்பர்மேனின் பாட்டுதான் கிர்பிக்கு நெருக்கமானது. கோதம்காவலன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோதம்காவலன் எழுதியது:

கோபம் இல்லை ஐயா. ஆனாலும் என் இடத்திலிருந்து நகரமாட்டேன். பாடுவதற்கு சூப்பர்மேன் திரும்பி வரும்வரை டார்க்சைடைக் காயப்படுத்தி, நஞ்சேற்றி, விழவிடாமல் தடுமாற வைத்தது அந்த ஒரு தோட்டா. அந்தக் கணத்தில் உதவிக்கு வர யாரும் மிச்சம் இருக்கவில்லை. சுட்டவருக்கு அது தெரியும்.

ஹங்கர் டாக்ஸுக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா, தயவுசெய்து.